பிளைவுட்டில் நானூறு கல்யாணப் பத்திரிகை

ராமநாதபுரத்தில் லேசர் மெஷின் வைத்திருந்த முதல் ஆள் நான்தான் என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் மறுத்ததில்லை. மறுக்கிற அளவுக்கு யாருக்கும் அதில் அக்கறை இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு கடை. ரப்பர் ஸ்டாம்பு, வாசலில் மாட்டுகிற பெயர்ப் பலகை, பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு ஷீல்டு, இவைதான் பிழைப்பு. இரண்டாயிரத்து ஏழில் அந்த மெஷின் சென்னையிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. ஐஸ்கிரீம் பெட்டி அளவுதான் இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே கட்டம் கட்டமாக ஓட்டை போட்ட ஒரு தட்டு. அதற்கு மேலே அங்குமிங்கும் ஓடுகிற ஒரு சின்ன மூக்கு. அந்த மூக்கின் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத ஒளி இறங்கி மரத்தை எரித்து வெட்டும். கண்ணுக்குத் தெரியாததை வைத்து வேலை செய்கிறவன் என்ற மிதப்பு எனக்கு முதல் நாளே வந்துவிட்டது.

மெஷினுக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அது சூடாகாமல் இருக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்புப் பூத்துவிடும் என்பதால், பேட்டரிக் கடையில் விற்கிற சுத்தமான தண்ணீரைக் கேன் கேனாக வாங்கி வந்து வாளியில் ஊற்றி வைத்திருந்தேன். வீட்டிலோ குடிக்கிற தண்ணீருக்கு என் மனைவி காலையில் குடங்களோடு தள்ளுவண்டிக்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பாள். அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு நாள் கடைக்கு வந்தவள் அந்த வாளியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அடுத்த பிறவியில் உங்கள் மெஷினாகப் பிறக்க வேண்டும் என்றாள். மெஷினைப் பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மரத்தை லேசரில் வெட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒளிக்கு எவ்வளவு பவர், மூக்குக்கு எவ்வளவு வேகம் என்று இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும். மெதுவாகப் போனால் மரம் கருகும். வேகமாகப் போனால் அடிவரை வெட்டாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. புத்தியுள்ளவன் அந்த இடத்தைத் தேடுவான். நான் நேரத்தைத் தேடினேன். மனைவி பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருந்த ஸ்டாப் வாட்சைக் கடைக்குக் கொண்டுபோய், ஒரு ஷீல்டை எத்தனை வினாடியில் வெட்டுகிறேன் என்று நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். நேற்றைவிட இன்று மூன்று வினாடி குறைந்தால் டீக்கடைவரை போய்ச் சொல்லிவிட்டு வருவேன். வடை போடுகிறவர் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டுவார்.

இரண்டு உத்திகளைக் கண்டுபிடித்திருந்தேன். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோட்டில் வெட்டுவது ஒன்று. பவரைக் கூட்டி ஒரே ஓட்டத்தில் வெட்டி முடிப்பது இன்னொன்று. வெட்டிய ஓரம் கரிக்கட்டை மாதிரி இருக்கும். கையில் ஒட்டும். ஒட்டாமல் இருக்கப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். வாரத்துக்கு வாரம் பவர் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஐம்பத்தைந்தில் வெட்டியது அறுபதில்தான் வெட்டியது, பிறகு எழுபதில். கடல் காற்றில் பிளைவுட் ஈரம் குடிக்கிறது, அதனால்தான் என்று விளக்கம் வைத்திருந்தேன். பாதி உண்மைதான். வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் ஊரில் பிளைவுட் சுட்ட அப்பளம் மாதிரி வளைந்து நிற்கும். மீதிப் பாதி என்ன என்று தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது.

அக்காவைக் கட்டிக் கொடுத்தது முதுகுளத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மழையை நம்பிய மிளகாய்க் காடு, நாலைந்து ஆடு. அத்தான் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள். மாப்பிள்ளை வீடு உச்சிப்புளிப் பக்கம், சகுனம் சாத்திரம் எல்லாம் கூடுதலாகவே பார்க்கிறவர்கள். அத்தான் இல்லாத வீட்டில் கல்யாணம் குறையில்லாமல் நடக்க வேண்டுமே என்று அக்கா நாளெல்லாம் பயந்துகொண்டிருந்தாள். தாய்மாமன் நான் ஒருவன்தான். தாய்மாமன் செய்ய வேண்டியதற்கென்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பத்திரிகை அடிப்பது கிடையாது. நானாக வலியப் போய் அதைச் சேர்த்துக்கொண்டேன்.

முதுகுளத்தூர் பிரஸ்ஸில் பிள்ளையார் படம் போட்ட தாள் பத்திரிகை போதும் என்றுதான் அக்கா சொன்னாள். நான் விடவில்லை. மரத்தில் பத்திரிகை, கிழியாது, நனையாது, நம் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் அவள், "சரிடா, ஊருக்குள்ள சொல்லிரவா?" என்று மட்டும் கேட்டாள். தாராளமாகச் சொல் என்றேன். அவள் ஊருக்குள் சொன்னாள். உச்சிப்புளிக்கும் சொல்லியனுப்பினாள். தம்பி மரத்தில் செய்து தரப்போகிறான் என்று மிளகாய்ச் சாக்கு தைக்க வந்தவரிடம்கூடச் சொன்னாளாம்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. சுற்றிலும் மல்லிகைக் கொடி வேலைப்பாடு, நடுவில் எழுத்து. மொத்தம் நானூறு. மனைவி ஏதோ பயிற்சி வகுப்புக்காகப் பத்து நாள் மதுரைக்குப் போயிருந்தாள். ஆகவே எனக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆள் இல்லை. கட்டத்துக்குக் கட்டம் நெருக்கி அடுக்கி, பவரை எழுபத்தைந்துக்குத் தூக்கி, ஐந்தே நாளில் முடித்தேன். நோட்டில் அது ஒரு சாதனை. இடையில் என் கைவேலையைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான், துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த கீழக்கரைக்காரர். புது வீட்டுக்குப் பெயர்ப் பலகை வாங்க வந்தவர், ஒரு பத்திரிகையை எடுத்துப் பார்த்து, மாஷா அல்லாஹ், ஓரத்தில் அந்தக் கருப்பு எடுப்பாக இருக்கிறது என்றார். அவர்கள் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. எங்கள் வீட்டில் உண்டு என்பது, அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஞாபகம் வரவில்லை.

நல்ல நாள் பார்த்து, அட்டைப் பெட்டியோடு பஸ் ஏறினேன். அக்கா வீட்டில் பங்காளிகள் எல்லாரும் வந்து பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். பத்திரிகைக்கு மஞ்சள் தடவி, முதலில் குலசாமிக்கு வைத்துவிட்டு, பிறகு ஊருக்குக் கொடுக்கத் தொடங்குவது வழக்கம். நான் பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்கப் புகை வாடை அடித்தது. அடுப்பில் ஏதாவது தீய்கிறதா என்று ஒரு பெண் எழுந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அத்தானின் சித்தப்பாதான் அந்த வீட்டுப் பெரியவர். முதல் பத்திரிகையை அவர் கையில் கொடுத்தேன். கவரை உருவிவிட்டு, கண்ணுக்கு எட்டப் பிடித்து, நாலு ஓரத்தையும் பார்த்தார். பிறகு எழுத்தைப் படிக்காமலே இரண்டு கையாலும் அதைப் பிடித்துக் கிழிக்கப் போனார். கருமாதிப் பத்திரிகை வந்தால் பார்த்த கையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அறுபது வருடப் பழக்கத்தில் அவர் கை தானாகப் போய்விட்டது. பிளைவுட் கிழியவில்லை. இன்னொரு முறை முயன்று பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

"யாரு காரியத்துக்குப்பா இது?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஐந்து நாள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை அப்போதுதான் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாலு பக்கமும் கருப்புக் கரை கட்டிய நானூறு பத்திரிகைகள். நான் பிரமாதமாக வெட்டி எடுத்துக்கொண்டு வந்தது சாவுச் செய்தி.

மஞ்சள் தடவினால் மறைந்துவிடும் என்று ஒரு சின்னம்மா சமாதானமாகச் சொல்லி, ஒன்றை எடுத்து மூலையில் தடவினாள். கரியும் மஞ்சளும் குழைந்து ஆட்டுப் புழுக்கை நிறத்தில் ஒரு சேறு வந்தது. அவள் கையைச் சேலையில் துடைக்கப் போய், வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாயைத் திறந்தேன். மரம் எரிந்தால் கரி வரத்தான் செய்யும், அது மரத்தின் இயல்பு என்று விளக்க ஆரம்பித்தேன். கல்யாண வீட்டில் நடுப்பாயில் உட்கார்ந்து எரிவதைப் பற்றியும் கரியைப் பற்றியும் பேசிய தாய்மாமன் எனக்கு முன்னும் பின்னும் இருந்திருக்க மாட்டான்.

பெரியவர் கத்தவில்லை. உச்சிப்புளிக்காரர்கள் கையில் இது கிடைத்தால் சம்பந்தம் நிற்குமா என்று பொதுவாகக் கேட்டார். தாளிலேயே அடித்துக்கொள்ளலாம், இன்றே முதுகுளத்தூருக்கு ஆள் அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அக்கா அதுவரை உள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அத்தான் போன பிறகு நல்ல காரியங்களில் அவள் முன்னால் வருவதில்லை. யாரும் சொல்லி அல்ல, அவளாகவே ஒதுங்கிக்கொண்டாள். இப்போது வந்தாள். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஓரத்தை விரலால் தடவி, விரலைப் பார்த்தாள். அந்த வீட்டுக்குக் கடைசியாக அடித்த பத்திரிகை அத்தானுக்கு. பிரஸ்ஸுக்குப் போய் அடித்து வாங்கி வந்தவனும் நான்தான். அதை அவள் நினைத்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்தது. செத்துவிடலாம் போல இருந்தது.

அவள் பெரியவரிடம், "மாமா, மரத்துலதான் பத்திரிகைன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். அடுத்த நல்ல நாளுக்குள்ள என் தம்பி வேற வெட்டிக் கொண்டாந்துருவான்" என்றாள்.

அடுத்த நல்ல நாள் எட்டு நாளில் இருந்தது. தம்பியால் முடியுமா என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ. பஸ்ஸில் திரும்பி வருகிறபோது பெட்டியை மடியில் வைத்திருந்தேன். எங்கேயோ வயர் கருகுகிறது என்று கண்டக்டர் இரண்டு முறை டிரைவரிடம் போய்ச் சொன்னார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மனைவி ஊர் திரும்பினாள். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நேராகக் கடைக்கு வந்து என் நோட்டைப் புரட்டினாள். வாரா வாரம் பவர் ஏறிக்கொண்டே போயிருப்பதை விரலால் காட்டி, ஏன் என்று கேட்டாள். கடல் காற்று என்றேன். அவள் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அதுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்குன்னீங்களே, அதை எப்பவாவது துடைச்சீங்களா?" என்றாள்.

துடைத்ததில்லை. மெஷின் வந்த நாளிலிருந்து ஒரு முறைகூடத் துடைத்ததில்லை. மூக்கைக் கழற்றி, உள்ளே ஒளியைக் குவிக்கிற லென்ஸை எடுத்தோம். எட்டு மாதப் புகை படிந்து, கழுவாத டீ கிளாஸின் அடி மாதிரி பழுப்பாக இருந்தது. ஒளி அதைத் தாண்டி வரவே திணறியிருக்கிறது. வந்தது மரத்தை வெட்டாமல் வாட்டியிருக்கிறது. நான் பவரைக் கூட்டிக்கூட்டிக் கரியாக்கியிருக்கிறேன். தினமும் துடைக்க வேண்டும் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் இரண்டாம் பக்கத்திலேயே படத்தோடு போட்டிருந்தது. நான் அந்தப் புத்தகத்தை வேகத்தைப் பற்றிச் சொல்கிற பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பித்திருந்தேன்.

துடைத்து மாட்டிய பிறகு பழைய எழுபத்தைந்தில் ஓட விட்டேன். பிளைவுட்டை வெட்டி, அடியில் இருந்த தட்டிலும் கோடு போட்டது. நான் உற்சாகத்தில் பவரைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, மூக்கை இறக்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றப் போனேன். மனைவி கையைத் தட்டிவிட்டாள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எதனால் எது ஆனது என்று எப்படித் தெரியும் என்றாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே குரல்.

ஒரு பலகையில் முப்பது சின்னச் சதுரங்கள் வெட்டினோம். இடமிருந்து வலமாக வேகம் மாறும், மேலிருந்து கீழாகப் பவர் மாறும். ஸ்டாப் வாட்சை அவள் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அதற்குப் பதில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கொடுத்தாள். ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்தையும் அதில் தேய்க்க வேண்டும். எது குறைவாகக் கறை வைக்கிறதோ அதுதான் சரியான எண். எட்டு மாதம் தப்பான பொருளை வைத்து அளந்துகொண்டிருந்திருக்கிறேன் என்பது அந்தக் கைக்குட்டையில் முப்பது கறைகளாகத் தெரிந்தது.

பிறகு ஒவ்வொன்றாக. பலகைகளை மொட்டை மாடி வெயிலில் காய வைத்து, வளையாமல் இருக்க அவளுடைய பரீட்சைத் தாள் கட்டுகளை ஏற்றி வைத்தோம். மெஷினோடு வந்த காற்று மோட்டார் மீன் தொட்டிக்குத்தான் லாயக்கு. பக்கத்துக் கடையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவரின் கம்ப்ரஸரைக் கேட்டு வாங்கி, வெட்டுகிற இடத்தில் காற்று பலமாக ஊதும்படி செய்ததில் புகை தங்காமல் ஓடியது. பலகையின் இரண்டு பக்கமும் பெயிண்டர்கள் ஒட்டுகிற தாள் டேப்பை ஒட்டி வெட்டினோம். உரித்தால் முகம் சுத்தமாக இருந்தது. நெருக்கி அடுக்குகிற என் உத்தியைக் கைவிட்டு, பத்திரிகைக்குப் பத்திரிகை ஒரு விரல் இடைவெளி விட்டோம். மெல்லிய ஒளியில் இரண்டு ஓட்டம். ஒன்றுக்கு முன்பு ஆனதைப்போல மூன்று மடங்கு நேரம் ஆனது. நோட்டில் எழுதவில்லை.

ஓரம் கருப்பிலிருந்து பழுப்புக்கு வந்தது, முறுகின தோசை ஓரம் மாதிரி. அதற்கு மேல் போகவில்லை. எரித்து வெட்டுகிற மெஷின் எரிக்காமல் வெட்டாது. தேய்த்தால் கைக்குட்டையில் இன்னும் லேசாகக் கறை வந்தது. ஆகவே கடைசியில் உப்புத்தாள் வாங்கி வந்தேன். ராமநாதபுரத்தின் முதல் லேசர் மெஷின் வெட்டியதைக் கணவனும் மனைவியும் தரையில் உட்கார்ந்து கையால் தேய்க்க ஆரம்பித்தோம்.

ஆறாம் நாள் காலையில் அக்கா வந்து நின்றாள். மகள் சேலைக்கு ஜாக்கெட் துணி எடுக்க வந்தேன் என்றாள். துணிக்கடை எங்கள் கடையைத் தாண்டி அந்தப் பக்கம்தான் இருந்தது, அவள் தாண்டவில்லை. செருப்பை விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்து ஒரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டாள். வருடம் முழுக்க மிளகாய்க் காம்பு கிள்ளுகிற கை. எங்களில் ஒருவர் இரண்டு தேய்க்கிற நேரத்தில் அவள் ஐந்து தேய்த்தாள். மல்லிகைக் கொடியின் சந்துகளில் தாளை மடித்து நுழைத்துத் தேய்த்தாள். தலையைத் தூக்காமலே, "உங்க அத்தானுக்கு ஒரே நாள்ல அடிச்சுக் கொண்டாந்துட்டேல்ல" என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது. திட்டுகிறாள் என்று நினைத்தேன். அவளோ, "இதுக்கு ஆகட்டும்டா. நல்லதுக்கு எத்தனை நாள்னாலும் ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தாள். மனைவி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். எனக்கு மூக்கு ஒழுகியது, மரத்தூள் என்று சொல்லிக்கொண்டேன்.

பழைய நானூறையும் வீட்டு வெந்நீர் அடுப்பில் போட்டோம். சீக்கிரமாகவே எரிந்தன. ஏற்கெனவே பாதி எரிந்தவைதானே.

எட்டாம் நாள் மறுபடி அதே பாய், அதே பங்காளிகள். பெரியவர் முதல் பத்திரிகையை வாங்கி, நாலு ஓரத்தையும் தோளில் கிடந்த துண்டில் நன்றாகத் தேய்த்தார். துண்டைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். பிறகு எழுத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். பொண்ணு பேர், மாப்பிள்ளை பேர், முகூர்த்த நேரம், எல்லாம் படித்து முடித்து, சின்னம்மாவிடம் கொடுத்து மஞ்சள் தடவச் சொன்னார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. இனி உச்சிப்புளிக்குத் தைரியமாகக் கொண்டுபோகலாம் என்றார். வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

குலசாமிக்கு ஒன்றை எடுத்து வைத்தார்கள். ஆட்கள் ஊர் வாரியாகப் பிரித்து அடுக்கத் தொடங்கினார்கள். அக்காவைக் காணவில்லையே என்று உள்ளே போனேன். அடுத்த அறையில் அத்தான் படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். கையில் ஒரு பத்திரிகை. படத்தின் சட்டத்தில் அதைச் சாய்த்து வைத்தாள். சாயாமல் வழுக்கியது, மறுபடி நிமிர்த்தி வைத்தாள். நான் கதவோரம் நிற்பது அவளுக்குத் தெரியாது.

"உங்க மச்சினன் வெட்டுனது," என்றாள். "தொட்டுப் பாருங்க. கருப்பு ஒட்டாது."

நான் சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகப் போய்த் தொட்டியில் கை கழுவுகிற மாதிரி நின்றேன். கையில் கழுவுவதற்கு ஒன்றும் இல்லை.